மார்கழித் தட்டுக்கு வரும் விருந்தாளிகள்
வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கியதும் பறவைகளைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பியவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டுல பனிக்காலத்துல குருவிகளுக்குத் தீனி வெக்காட்டிச் செத்துப்போயிருமாம். நம்ம பக்கமும் மார்கழி, தை மாசத்துல கட்டாயம் வெக்கோணுமுங்களா?
– வாசகி, பெருந்துறை

கட்டாயமே இல்லைங்க. அங்கே தரையெல்லாம் பனி மூடிவிடும், பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான். இரவு முழுக்க உடம்புச் சூட்டைக் காப்பாற்றச் சின்னப் பறவை தன் கொழுப்பைக் கரைத்தாக வேண்டும். அந்த ஊரில் ஒரு பிடி தானியம் உயிர் காக்கும். நம் ஊரிலோ மார்கழி விடியலில்கூடக் குளிர் 18 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும். வரப்பெல்லாம் புல் விதை பிடித்திருக்கும், பூச்சி புழுவுக்கும் பஞ்சம் இருக்காது. நம் பறவைகளுக்கு நெருக்கடியான காலம் பங்குனி, சித்திரை. அப்போதும் தவிப்பது தண்ணீருக்குத்தான்.

பிறகு தட்டு எதற்கு? நாம் பார்த்து ரசிக்கத்தான். இளவெயிலில் பறவைகள் ஒன்பது மணி வரைக்கும் ஓயாமல் நடமாடும்; வடக்கேயிருந்து வந்த விருந்தாளிகளும் தோட்டத்தில் இருக்கும். தட்டு நமக்காக என்று ஒப்புக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவற்றின் வயிற்றை நிரப்புவது நம் வேலையில்லை என்பதால் தீனி கொஞ்சமாக இருந்தால் போதும். நோன்பிக்கு நாலு நாள் ஊருக்குப் போனால், குருவி பட்டினி கிடக்குமே என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவும் வேண்டியதில்லை.

என்ன தானியம், எவ்வளவு, எதுல வெச்சுக் கட்டறது? கடையில விக்கற பிளாஸ்டிக் டப்பா வாங்கலாமுங்களா?
– வாசகர், காங்கேயம்

காங்கேயத்தில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் டப்பா எதற்குங்க? தேங்காய்த் தொட்டியே போதும். பெரிய காயாகப் பார்த்து, கண் இல்லாத அரைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். மிச்சம் இருந்தால் மூன்றாம் நாள் சிக்கு வாடை வரும், எறும்பும் ஏறும். விளிம்புக்கு அரை அங்குலம் கீழே சம தூரத்தில் மூன்று துளைகள் போட்டு, தேங்காய்நார்க் கயிறோ சணலோ கட்டித் தொங்கவிடுங்கள். நைலான் நூல், மீன் நரம்பு கூடாது. அவிழ்ந்து தொங்கும் இழை குருவியின் காலில் சுற்றினால் விரலையே அறுத்துவிடும். நாலாவதாக அடியில் ஒரு சின்னத் துளை வேண்டும். பனியும் தூறலும் வடிவதற்கு வழியில்லாவிட்டால் தானியம் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும்.

தீனிக்குக் கம்பு இரண்டு பங்கு, தினை ஒரு பங்கு, குருணை அரிசி ஒரு பங்கு. சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் இது ஏற்றது. சோளம் புறாவுக்கும் கிளிக்கும் பிடிக்கும் என்றாலும் தொட்டியில் போடாதீர்கள். புறா தரையில் மேய்கிற பறவை. வாசலில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் தூவினால் புள்ளிப்புறாவும் சின்னத் தவிட்டுப்புறாவும் சோடியாக வந்து பொறுக்கும். கதிரோடு கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பங்கதிர் நாலைந்தைக் கட்டி ஆசாரத்து விட்டத்தில் தொங்கவிட்டால் குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உருவுவதைப் பார்க்கலாம்.

அளவு: காலையில் ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் அளவு. ஒன்பது மணிக்குள் காலியானால் மறுநாளும் அதே அளவு வையுங்கள். மீதம் கிடந்தால் பாதியாகக் குறையுங்கள். சாயங்காலம் மிச்சத்தை வைத்துவிட்டுப் போனால் இரவில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும்.

இடம்தான் பலரும் கோட்டை விடுவது. தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரம். ஏதாவது மரமோ அடர்ந்த செடியோ பத்தடிக்குள் இருக்க வேண்டும், வல்லூறு வந்தால் பாய்ந்து ஒளிவதற்கு. அதே செடி தொட்டிக்கு நேர் கீழே இருந்தால் பூனை பதுங்க வசதியாகிவிடும். சன்னல் கண்ணாடி இருந்தால் தொட்டியை அதற்கு மூன்றடிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் முப்பதடி தள்ளி வையுங்கள். நடுவாந்தரத்தில் வைத்தால் மிரண்டு பறக்கும் குருவி முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். எறும்புக்குக் கயிற்றில் கிரீஸ் தடவுகிற பழக்கம் வேண்டாம். அது இறகில் ஒட்டினால் பறவையால் துடைக்க முடியாது. கயிற்றின் நடுவில் தண்ணீர் ஊற்றிய சின்ன மூடியைக் கோத்துவிட்டால் எறும்பு தாண்டாது.

இரண்டு எச்சரிக்கை. விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய விதையை ஒருபோதும் போடாதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது மருந்தில் நேர்த்தி செய்த விதை, பறவைக்கு விஷம். அடுத்தது, பூசணம் பிடித்த கடலைக்காய். நாமே தின்னாத சொத்தைப் பருப்பைக் குருவிக்குப் போடுகிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் பறவைகளின் ஈரலைக் கெடுத்துவிடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது தீவனத்தில் இருந்த பூசணக் கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே அப்படித்தான்.

சோறு, மிக்சர், பிஸ்கட், பால்?
– வாசகி, திருப்பூர்

உப்புப் போடாத சோறு கொஞ்சம் வைக்கலாம், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். மிக்சர், முறுக்கு, சிப்ஸ் வேண்டாம். சின்ன உடம்புக்கு அந்த உப்பு தாங்காது. பிஸ்கட், ரொட்டி வயிற்றை அடைக்கும், சத்தில்லை. பாலைச் செரிக்கும் வசதி பறவைகளுக்குக் கிடையாது.

தட்டு வெச்சு ரெண்டு வாரம் ஆச்சு. காக்காயும் மைனாவும்தான் வருது. தையல்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் தோட்டத்துல இருக்குது, ஆனா தட்டுப் பக்கமே வர்றதில்லை. என்ன தப்பு பண்றேன்?
– வாசகர், கோபி

அலகைப் பாருங்க, விடை கிடைக்கும். கட்டையான கூம்பு அலகு இருந்தால் தானியம் உடைக்கும். தையல்சிட்டின் அலகு ஊசி போன்றது, பூச்சி மட்டுமே பிடிக்கும். நீங்கள் வெள்ளித் தட்டில் தினை வைத்தாலும் அது திரும்பிப் பார்க்காது. வண்ணாத்திக்குருவி, கரிச்சான், கதிர்க்குருவிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான். மார்கழி விருந்தாளிகளில் பெரும்பாலானவையும் பூச்சி தின்பவை. அவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம் இரண்டு: தோட்டத்தில் மருந்து அடிக்காமல் இருப்பது, மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் இருப்பது. சருகுக்குள் இருக்கும் பூச்சிதான் அவற்றின் தட்டு.

கொண்டைக்குருவிக்குப் பழம் வேண்டும். பழுத்த பூவன் பழத்தைத் தோலோடு நீளவாக்கில் பிளந்து, கொய்யாக் கிளையின் ஒடிந்த முனையில் குத்திவிடுங்கள். பப்பாளித் துண்டும் ஆகும். முதலில் ஒன்று வந்து எட்டிப் பார்க்கும். கழுத்தை நீட்டி ஒரு கொத்து, உடனே பின்வாங்கும். ஆபத்தில்லை என்று தெரிந்தால் சோடியையும் கூட்டிவரும். கொத்தும்போது உச்சிக் கொண்டை படிந்தும் நிமிர்ந்தும் மாறுவதைக் கவனியுங்கள். பக்கத்தில் இன்னொரு பறவை வந்தால் சட்டென்று நட்டுக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் பழத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழ ஈ மொய்க்கும்.

காக்காயை விரட்ட வேண்டாம், தனியாக வையுங்கள். சனிக்கிழமைச் சோற்றை மாடியில் வைக்கிறவர்கள் தினமும் ஒரு வாய் அங்கேயே வைத்தால், கீழே குருவித் தொட்டிக்குக் காக்காய்க் கூட்டம் குறையும். மைனா ஒரு சுற்று மேய்ந்துவிட்டுத் தானாகப் போய்விடும்.

இன்னொன்று. "தொட்டி நிறைய இருக்குது, ஆனா குருவி வர்றதில்லை" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். குனிந்து ஊதிப் பாருங்கள். சிட்டுக்குருவி தினையை அலகு ஓரத்தில் வைத்து உருட்டி, உமியை நீக்கிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். உமி தொட்டிக்குள்ளேயே விழுவதால் பார்வைக்கு நிறைந்தே தெரியும். தினமும் உமியை ஊதித் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

தண்ணித் தட்டு வெச்சா டெங்குப் பணியாளருங்க வந்து கவுத்துட்டுப் போறாங்க. பனிக்காலத்துல தண்ணி வேணுமுங்களா?
– வாசகி, கோவை

வேணுமுங்க. தானியத்தைவிடத் தண்ணீருக்குத்தான் அதிக வகைப் பறவைகள் வரும். பூச்சி தின்பவையும் குளிக்க வரும் அல்லவா? பணியாளர்கள் செய்வதிலும் தப்பில்லை. ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு ஊற்றுவது போதாது. தினமும் தண்ணீர் மாற்றுங்கள், வாரம் இருமுறை தேங்காய்நார் கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்து வெயிலில் காயப்போடுங்கள். இரண்டு தட்டு வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு சரியான பாத்திரம். ஓரத்தில் ஓர் அங்குலம், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். அடி சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் வழுக்கும் என்று குருவி இறங்கவே தயங்கும். நடுவில் ஒரு தட்டைக்கல் போடுங்கள். பக்கத்திலேயே ஒரு முறத்தளவு இடத்தில் காய்ந்த புழுதி மண் இருந்தால் சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து மண்குளியல் போடும். வயிற்றால் பள்ளம் பறித்து உட்கார்ந்து, இறகைச் சிலிர்த்து மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். இறகில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கும் பேனும் இதில் குறையும்.

அபார்ட்மென்ட் பால்கனியில குருவிக்குக் கம்பு வெச்சோம். இப்ப முப்பது மாடப்புறா. அசோசியேஷன்ல சண்டை.
– வாசகர், கோவை பீளமேடு

சண்டை போடுகிறவர்கள் பக்கம்தான் நியாயம். காய்ந்த புறா எச்சத்தின் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை நோய் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்னும் தொல்லை. இரண்டு மூன்று வாரம் தானியத்தை முழுக்க நிறுத்துங்கள். எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பிறகும் ஆசை இருந்தால் தட்டைச் சுற்றி இரண்டு அங்குலக் கண்ணுள்ள கம்பி வலைக் கூண்டு அமையுங்கள். சிட்டுக்குருவி நுழையும், புறா நுழையாது. தானியம் தரையில் சிந்தினால் இந்த ஏற்பாடும் வீண். பால்கனியில் செம்பருத்தித் தொட்டியும் தண்ணீர்த் தட்டும் போதும் என்பது எங்கள் கருத்து.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணி வெக்கலாமா? தேன் கலக்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

தேன் கூடவே கூடாது, சீக்கிரம் நுரைத்துப் பூஞ்சை பிடிக்கும். சர்க்கரைத் தண்ணீர் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். சாயம் வேண்டாம், நாட்டுச் சர்க்கரை வேண்டாம், தினமும் கழுவி மாற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் நம் வெயிலில் புளித்துவிடும். இத்தனை பாட்டுக்கு ஒரு முருங்கை மரம் எவ்வளவோ மேல். முருங்கை பூக்கிற நாட்களில் தேன்சிட்டு மரத்தை விட்டு நகராது. செம்பருத்தி, இட்லிப்பூ, ஆடாதோடை, வேலியோரம் கல்யாண முருங்கை இருந்தால் பூ மாறி மாறிக் கிடைக்கும்.

செம்பருத்தியில் ஒரு வேடிக்கை உண்டு. பூ பெரிது, தேன் அடியில் இருக்கும், அலகு எட்டாது. தேன்சிட்டு வாய்ப்பக்கம் போகாமல் பின்பக்கம் வந்து காம்பருகில் குத்தித் துளை போட்டு உறிஞ்சும். மகரந்தம் சுமக்காமலே தேன் எடுத்துக்கொள்கிற திருட்டு! விழுந்த பூவை எடுத்து அடியைப் பாருங்கள், கீறல் தெரியும். மஞ்சள் வயிற்றின் நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் உள்ள தேன்சிட்டைப் பார்த்தால் புது இனம் என்று எண்ண வேண்டாம். ஊதாத் தேன்சிட்டு ஆண், இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பைக் களைந்துவிட்டு இப்படித்தான் சில மாதம் இருக்கும்.

மழை நாள் காலையில பச்சை, நீலம், சிவப்புன்னு பல வண்ணத்துல வால் குட்டையான ஒரு குருவி வாசல்ல விழுந்து கெடந்துது. கூண்டுல போட்டுத் தண்ணி ஊட்டினோம், பொழைக்கலைங்க. அது என்ன குருவி?
– வாசகர், சத்தியமங்கலம்

ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் தெற்கே வருகிறது. இரவில் பறக்கும் பறவை என்பதால் வந்து சேரும் நாட்களில் களைத்து விழுவதும் சுவரில், கண்ணாடியில் மோதுவதும் நடக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். துணியால் மெதுவாக மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் விட்டு மூடுங்கள். கம்பிக் கூண்டு வேண்டாம். முட்டிக்கொண்டு இறகும் அலகும் உடையும். அடியில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கும். நாம் ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பிழைக்க வேண்டிய பல பறவைகள் இந்தக் கருணையால்தான் சாகின்றன. ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைச் செடி மறைவில் வைத்துத் திறங்கள். தெளிந்திருந்தால் தானே போகும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பக்கம் மா, சப்போட்டாத் தோப்பு உள்ளவர்கள் மாசி வரை ஒரு மூலையிலாவது சருகை விட்டு வையுங்கள். ஈரச் சருகைப் புரட்டிப் புழு தேடுவதுதான் இதன் பிழைப்பு. கண்ணில் படுவது அரிது. சருகு சலசலக்கிற இடத்தையே அசையாமல் பார்த்தால் கிடைக்கும்.

சோளக்காட்டுல ரோஸ் கலர் மைனா மாதிரி ஆயிரக்கணக்குல எறங்குது. வெரட்டலாமா?
– வாசகர், தாராபுரம்

சூறைக்குருவி. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து ஆடி, ஆவணியிலேயே வரத் தொடங்கிச் சித்திரைக்குள் திரும்பிவிடும். கதிர் முற்றும் காலத்தில் சேதம் உண்டு என்பது உண்மைதான். தகரம் தட்டி விரட்டுவதில் தப்பில்லை. மற்ற நாட்களில் வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிற கூட்டமும் இதுதான். சாயங்காலம் அடையும் மரத்துக்கு மேலே புகை மாதிரிச் சுருண்டு விரிவதைப் பார்க்க ஒரு தரம் நேரம் ஒதுக்குங்கள்.

வீட்ல நாட்டுக்கோழி பதினஞ்சு இருக்குது. குருவிக்குத் தீனி வெச்சா கோழிக்கு சீக்கு வருமா?
– வாசகி, நாமக்கல்

வர வாய்ப்பு உண்டு. வெள்ளைக்கழிச்சல் புறாக்கள் வழியாகவும் பரவும். எச்சம், மிதித்த தீனி, பொதுத் தண்ணீர்த் தட்டு இவைதான் வழி. பறவைத் தட்டு கோழிகள் மேயாத பக்கம் இருக்கட்டும். காலையில் முதலில் கோழி வேலையை முடித்துவிட்டுப் பிறகு பறவைத் தட்டைத் தொடுங்கள். வரிசை மாறக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழித் தீவனத்தை மூடாமல் வைப்பதே குருவியை அழைப்பது போல்தான், மூடி வையுங்கள். கோழிகளுக்குத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை இருந்தால் தீனித் தட்டே வேண்டாம், தூரத்திலிருந்து பாருங்கள், போதும். காக்காயோ புறாவோ ஒரே சமயத்தில் நாலைந்து செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

தட்டுகளை வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைப்பது எல்லாருக்குமே பொருந்தும். இறகு உப்பிக்கொண்டு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் குருவியைப் பார்த்தால் தட்டை இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். நோயாளியும் மற்றவையும் ஒரே தட்டில் கூடாமல் கலைந்துபோகட்டும்.

மயிலுக்குத் தினமும் அரிசி போடறோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோவிச்சுக்கறார்.
– வாசகர், அவிநாசி

கோபப்பட மாட்டாரா பின்னே? உங்கள் வாசலில் ஒரு பிடி அரிசி தின்றுவிட்டு மிச்சப் பசிக்கு அவர் தக்காளியிலும் நாற்றங்காலிலும் இறங்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உயர்ந்த பாதுகாப்பு உள்ள பறவை, அவர் கை வைக்கவும் முடியாது. நிறுத்திவிடுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கலாமா என்று கேட்ட இருவருக்கும் அதே சட்டம்தான் பதில்: கூடாது.

வண்ணாத்திக்குருவி ஒண்ணு ஸ்கூட்டர் கண்ணாடியை விடாமக் கொத்துது.
– வாசகி, ஈரோடு

உள்ளே தெரிகிற பிம்பத்தைத் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரி என்று எண்ணிச் சண்டை போடுகிறது. வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிவிடுங்கள். அதற்கு உடம்பு வலி குறையும், உங்களுக்குத் துடைக்கிற வேலை குறையும்.

எங்க அப்புச்சி வீட்டு ஓட்டுச் சந்துல எப்பவும் குருவிக் கூடு இருக்கும். இப்ப தார்சு வீடு. பெட்டி வெச்சா வருமுங்களா?
– வாசகர், கரூர்

அக்கம்பக்கம் நூறடி தூரத்துக்குள் சிட்டுக்குருவி நடமாட்டம் இருந்தால் வரும், இல்லாத ஊரில் பெட்டி கூட்டிவராது. அரை அங்குலப் பலகையில் அடிப்பக்கம் ஆறுக்கு ஆறு அங்குலம், உயரம் ஒன்பது அங்குலம். துளை 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். அடியிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேலே துளை இருக்க வேண்டும். இந்தத் துளையில் மைனா நுழையாது. பெரிதாகப் போட்டால் மைனா பிடித்துக்கொள்ளும். துளைக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்காதீர்கள், காக்காய்க்குத்தான் அது உதவும். பெயின்ட், வார்னிஷ் உள்ளே வேண்டாம். அடியில் இரண்டு வடிதுளை போடுங்கள். கூரை நீக்கித் திறக்கும்படி இருந்தால் குஞ்சு பறந்தபின் பழைய கூட்டைக் களையலாம். பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் நேராக அடிக்காத சுவரில், மின்விசிறிப் பக்கமாக அல்லாமல் வெளித் தாழ்வாரத்தில் மாட்டுங்கள். வீட்டுக்குள் மின்விசிறியில் அடிபடும் குருவிகள் ஏராளம். தை மாதம் மாட்டிவிட்டால் கோடைக்கு முன் பழகிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் உணவு என்பதால் சுற்றிலும் கொஞ்சம் செடி கொடி வேண்டும்.

காட்டுக் கிளுவை வேலியை எடுத்துட்டுக் கம்பி வேலி போடப் போறோம். பறவைகளுக்கு ஏதும் பாதகமா?
– வாசகர், மூலனூர்

பெரிய பாதகமுங்க. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) முள்கிளுவை வேலிக்குள் தவிட்டுக்குருவிக் கூட்டம் அடையும், கருஞ்சிட்டு கூடு வைக்கும், பனிக்காலத்தில் வரும் பழுப்புக் கீச்சான் அதன் உச்சியில் உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் காவல் இருக்கும். பாதுகாப்புக்குக் கம்பி அவசியம் என்றால் வேலிக்கு உள்பக்கமாக அடித்துக் கிளுவையை அப்படியே விடுங்கள். வெள்வேல் மரங்களும் இருக்கட்டும்.

பேரனுக்குப் பறவை பார்க்கப் பழக்கோணும். என்ன வாங்கறது, எங்க ஆரம்பிக்கறது?
– வாசகி, உடுமலை

முதலில் எதுவும் வாங்காதீர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மாதம் ஆர்வம் குறையாமல் இருந்தால் இருநோக்கி (பைனாகுலர்) வாங்கலாம். 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் உள்ளது வீட்டுத் தோட்டத்துக்குச் சரி. 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பறவையைத் தேடிப்பிடிப்பதும் கடினம். சிறுவன் கைக்கு 42 கனமாக இருந்தால் 30 அல்லது 32 மில்லிமீட்டர் எடுங்கள். வாங்கியதும் கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு ஓர் இலையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்ணாடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பி அதே இலையைத் தெளிவாக்குங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாததால்தான் பலருக்குத் தலைவலி வந்து இருநோக்கி அலமாரியில் தூங்குகிறது.

தொடங்க நல்ல நாள் பொங்கல்தான். ஆண்டுதோறும் சனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015இல் தொடங்கியது. யாரும் கலந்துகொள்ளலாம், கட்டணமில்லை. வீட்டு வாசலிலோ தோட்டத்திலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு செயலியில் பதிய வேண்டும். அந்த நாட்களில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். ஏழு மணிக்குத் தொடங்கினால் வெளிச்சமும் இருக்கும், பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும். சட்டை பச்சையோ காவியோ இருக்கட்டும், பொங்கலுக்கு எடுத்த பளிச்சென்ற வெள்ளை வேண்டாம்.

எண்ணுவதில் ஒரு விதியைப் பேரனுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். தொட்டிக்கு ஒரே குருவி பத்து முறை வந்து போகும். பத்து என்று எழுதக் கூடாது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ அதுதான் எண்ணிக்கை. காக்காய், மைனாவை விட்டுவிடக் கூடாது, அவையும் கணக்கில் உண்டு. குரலை மட்டும் கேட்டாலும், எதன் குரல் என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம். இலைக்குள் ஓடும் சின்னப் பச்சைக் குருவி எந்தக் கதிர்க்குருவி என்று பிரித்தறியப் பழகியவர்களே திணறுவார்கள். அதற்கு 'கதிர்க்குருவி, வகை தெரியவில்லை' என்று பதிந்தால் போதும், ஊகித்து ஒரு பெயர் போட வேண்டாம்.